புதுப்பிப்பு: பிரீமியர் பத்மினி காரின் பழைய பெயின்ட்டை உரித்த விதம்

பத்மினியின் பானெட்டிலும் கதவுகளிலும் அடுக்கடுக்காக ஏறியிருந்த பெயின்ட்டை அகற்ற மெத்திலீன் குளோரைடு ரிமூவர் நல்லதா, பென்சைல் ஆல்கஹால் வகை நல்லதா என்று கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

மெத்திலீன் குளோரைடு ஜெல்லையே பயன்படுத்தினேன். அது சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், வேகமாக ஆவியாகிவிடும் பொருள் என்பதால், பூசியவுடன் பாலித்தீன் தாளால் மூடச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. மூடாத ஓரங்களில் ஜெல் காய்ந்து ஒட்டிக்கொள்ள, மூடிய இடங்களில் பெயின்ட் சுருங்கிக் கொப்பளித்து, பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளியதும் பிரைமரோடு (அடிப்பூச்சோடு) பட்டையாகக் கழன்று வந்தது.

எதிர்பாராத ஒன்று: கதவின் அடிப்பகுதியில் பெயின்ட்டுக்குக் கீழே தடித்த பட்டி (பள்ளங்களை நிரப்பப் பூசும் பசை) இருந்தது. ஜெல் அதையும் இளக்கிவிட்டதால் முழுவதையும் சுரண்ட வேண்டியதாயிற்று. உள்ளே துருத்துளைகள் தெரிந்தன. தகடுகள் இணையும் மடிப்புகளில் ஜெல் தங்கினால் பின்னாளில் புதிய பெயின்ட்டைத் தூக்கிவிடும் என்பதால், அங்கே ஜெல்லைத் தவிர்த்து உப்புத்தாளால் மட்டும் தேய்த்தேன்.

மெத்திலீன் குளோரைடின் ஆவி உயிரைப் பறிக்கக்கூடியது. மரணங்கள் நேர்ந்ததால் அமெரிக்கா 2019இல் இந்த வகை பெயின்ட் ரிமூவரை நுகர்வோருக்கு விற்பதைத் தடை செய்தது. சாதாரண நைட்ரைல் கையுறையை இது சில நிமிடங்களில் ஊடுருவும். ஆகவே திறந்த முற்றத்தில், லேமினேட் (பல அடுக்குப் பிளாஸ்டிக் படலக்) கையுறையோடுதான் வேலை செய்தேன். தகட்டைக் கழுவி உலர்த்தி, துரு பூக்குமுன் அன்றே எபாக்சி பிரைமர் அடித்துவிட்டேன்.