உடலுக்குள் பொருத்தும் டிஃபிப்ரிலேட்டரை லௌன் எதிர்த்தது ஏன்?

கேள்வி (மருத்துவப் பொறியியல் மாணவி)

நேர்மின்னோட்ட டிஃபிப்ரிலேட்டரை (ஒழுங்கிழந்த இதயத்துடிப்பை மின் அதிர்ச்சியால் சீராக்கும் கருவி) 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கிய பெர்னார்ட் லௌன், 1972-இல் 'சர்குலேஷன்' இதழில் பால் ஆக்ஸல்ராடுடன் சேர்ந்து எழுதிய தலையங்கத்தில், உடலுக்குள் பொருத்தும் கருவியைக் குறைபாடுள்ள தீர்வு என்றும் அதற்கு உருப்படியான பயன்பாடு இனிமேல்தான் தேடப்பட வேண்டும் என்றும் விமர்சித்தார். துறையை நன்கறிந்தவரே இவ்வளவு கடுமையாக மறுத்ததில் நியாயம் இருந்ததா?

மறுமொழி 1

உடலுக்குள் பொருத்தும் இக்கருவியை உருவாக்கிய மருத்துவர் மிஷேல் மிரோவ்ஸ்கி, அதன் தேவையை நேரில் கண்டிருந்தார். இஸ்ரேலில் அவருடைய வழிகாட்டியாக இருந்த ஹாரி ஹெல்லர், கீழறை மிகைத்துடிப்பு திரும்பத் திரும்ப வந்து 1966-இல் இறந்தார். அத்தகைய நோயாளியைக் காலமெல்லாம் மருத்துவமனையிலேயே வைத்திருக்க இயலாது. பின்னர் பால்டிமோரின் சினாய் மருத்துவமனையில் மார்ட்டன் மோவருடன் 1969-இல் மிரோவ்ஸ்கி இக்கருவிக்கான பணியைத் தொடங்கினார். மார்பின் மேலிருந்து கொடுத்தால் நூற்றுக்கணக்கான ஜூல் தேவைப்படும் அதிர்ச்சி, இதயத்திலேயே மின்முனைகளை வைத்தால் ஏறத்தாழ 25 ஜூலில் முடிந்துவிடும் என்பதால்தான் கருவியைச் சிறிதாக்க முடிந்தது. ஃபிப்ரிலேஷனில் (இதயம் ஒழுங்கின்றி நடுங்கும் நிலையில்) வீழ்ந்த நாய் கருவியின் அதிர்ச்சிக்குப் பின் எழுந்து வாலாட்டுவதை அவர்கள் படம்பிடித்துக் காட்டியபோது, அது பழக்கப்பட்ட நாய் என்று சிலர் ஐயுற்றதால், இ.சி.ஜி. கோட்டையும் படத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று.

மறுமொழி 2 (இதயநோய் மருத்துவர்)

லௌனின் கேள்வி நியாயமானது, விடைதான் தவறியது என்பது என் கருத்து. யாருக்குப் பொருத்துவது என்பதை அன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மார்பைத் திறந்து இதயத்தின் மேல் மின்முனைகளைத் தைக்க வேண்டியிருந்தது. கருவி தவறாகக் கணித்தால் விழித்திருப்பவர் மீது அதிர்ச்சி பாயும். ஆகவே மருந்தே மேல் என்று அவர் நம்பினார். ஆனால் மாரடைப்புக்குப் பின் துடிப்பை ஒழுங்குபடுத்தக் கொடுத்த எங்கெய்னைடும் ஃபிளெக்கைனைடும் இறப்பைக் கூட்டின என்று காஸ்ட் ஆய்வு 1989-இல் காட்டியதும் அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. 'யாருக்கு' என்பதற்கு மேடிட் ஆய்வு 1996-இலும், மாரடைப்பு வந்து எஜெக்ஷன் ஃபிராக்ஷன் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கீழறை வெளித்தள்ளும் இரத்தத்தின் விகிதம்) 30 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ளவர்களிடம் நடந்த இரண்டாம் மேடிட் ஆய்வு 2002-இலும் விடை தந்தன.

மறுமொழி 3 (கேத் லேப் தொழில்நுட்பர்)

டாக்டர் ஐயா கூறியதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். 1980 பிப்ரவரி 4 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லீவை வாட்கின்ஸ் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இதைப் பொருத்திய காலத்தில், இரண்டு முறை இதயம் நின்று மீண்டவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். 'யாருக்கு' என்ற கேள்விக்கு அன்று அவர்களால் தர முடிந்த எச்சரிக்கையான விடை அதுவே. அமெரிக்க அரசின் ஒப்புதல் 1985-இல் கிடைத்தது.

மாணவிக்குப் பயன்படக்கூடிய பகுதி, அக்கருவி ஆபத்தை உணர்ந்த முறை. சீரான துடிப்பில் மின்குறி பெரும்பகுதி நேரம் அடிக்கோட்டை ஒட்டியே இருக்கும். ஃபிப்ரிலேஷனில் அடிக்கோட்டில் தங்காமல் மேலும் கீழுமாக அலையும். இந்த வேறுபாட்டை அளந்தே அது முடிவெடுத்தது. இன்றைய கருவிகளில் மின்கம்பி இரத்தக்குழாய் வழியே செல்கிறது, தோலுக்கடியில் மட்டுமே வைக்கும் வகையும் 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுவிட்டது. ஆயினும் மேலறை ஃபிப்ரிலேஷனால் துடிப்பு விரைவுபடும்போது அதைக் கீழறைக் கோளாறாக எண்ணிக் கருவி ஷாக் கொடுத்துவிடுவது இன்றும் நேர்கிறது. நீங்கள் இத்துறையில் ஆய்வு செய்ய எண்ணினால், இவ்விரண்டையும் பிரித்தறியும் கணிப்புமுறையிலிருந்து தொடங்குங்கள்.