மறு: ‘கலை ஆராய்ச்சி’யா, ‘கலைவழி ஆய்வா’?

நண்பர்களுக்கு வணக்கம்.

பல துறையினர் கூடி, கலையையே கருவியாக வைத்துச் செய்யும் ஆய்வுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று கேட்டிருந்தேன். இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. எங்கள் பாம்பன் ஆய்வுக்கான அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> ‘கலை ஆராய்ச்சி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் வேறு ஒன்றாகப் புரியும். திருப்புல்லாணிக் கோயில் சிற்பங்களை ஒருவர் ஆராய்ந்தால் அது கலை ஆராய்ச்சி. அங்கே கலை ஆராயப்படும் பொருள். நாங்கள் பாம்பனில் செய்தது அது இல்லை. என்ன செய்தோம் என்று சொன்னால்தான் சொல் எங்கே இடறுகிறது என்பது தெரியும்.

எங்கள் குழுவில் கடலியல் படிக்கும் மாணவி ஒருவர், நாடகக்காரர் ஒருவர், ஒலிப்பதிவுக்கு நான், பிறகு கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் ஐந்து பேர். நீரோட்டத்தை இவர்கள் நீவாடு என்பார்கள். நீருக்கு அடியில் பாறையைப் பிடித்துக்கொண்டு பாசி பறிக்கிறவர்களுக்கு நீவாடு எப்படித் தெரிகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. மூன்று நாள் உட்கார்ந்து கேட்டோம். “நீவாடு கூடுனா ஏறிருவோம்” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆன பிறகு, பாசிக்குப் போவதே அனுமதி, தடை என்ற பேச்சுக்குள் சிக்கிவிட்டது. ஆராய்ச்சி என்று யார் வந்தாலும் நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வது அவர்களுக்குப் பழகிப்போயிருக்கிறது.

நாலாம் நாள் வீட்டு முற்றத்தில் நாடகக்காரர் தானாகவே அந்த வேலையைச் செய்துபார்த்தார். குனிந்து, ஒரு கையால் தரையைப் பிடித்து, இன்னொரு கையால் பறிப்பதுபோல. கல் கீறாமல் இருக்க விரல்களில் துணி சுற்றுவது எப்படி என்று மாணவிக்குக் காட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா, பாதிச் சுற்றோடு எழுந்து வந்தார். “தம்பி, அப்படிச் சாஞ்சா பாசி கையோட வராது, ஒன்னையத்தான் இழுத்துட்டுப் போகும்.” நாடகக்காரரின் தோளைப் பிடித்துத் திருப்பினார். “நீவாடு வர்ற பக்கம் தோளக் குடு. பாசி படுத்திருக்கிற பக்கம் கால ஊணு.” அப்புறம் சர்வசாதாரணமாகச் சொன்னார்: “மேல ஒரு பக்கம் இழுக்கும், அடியில பாசி வேற பக்கம் படுத்திருக்கும். பாசியத்தான் நம்பணும்.” சுற்றாத துணி நுனி அவர் விரலிலிருந்து தொங்கிக்கொண்டே இருந்தது. மாணவி குறிப்பேட்டைத் தேடி ஓடினார். நீரோட்டம் பார்க்க அவர் கடலில் விட்ட மிதவைகள் மேல்நீரின் போக்கை மட்டுந்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

கேள்விக்கு வராத பதில், தப்பாக நடித்த ஓர் உடம்பைத் திருத்தப்போன இடத்தில் வந்தது. அந்த நடிப்புதான் எங்களுக்கு ஆய்வுக் கருவி. ஆகவே சொல்லில் கலை கருவியாக நிற்க வேண்டும்.

லண்டன் ராயல் கலைக் கல்லூரியின் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 1993இலேயே இதை மூன்றாகப் பிரித்தார். தமிழில் சொன்னால் கலை பற்றிய ஆய்வு, கலைக்கான ஆய்வு, கலைவழி ஆய்வு. இந்த ‘வழி’ நமக்குப் புதிதே இல்லை. தமிழ்வழிக் கல்வி என்றால் தமிழைப் பற்றிய கல்வி என்று யாரும் நினைப்பதில்லை. அஞ்சல்வழிக் கல்வி என்றால் தபால் துறைப் பாடம் என்றும் நினைப்பதில்லை. பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் ஒட்டு. கலைவழி ஆய்வு, கலைவழி ஆய்வாளர், கலைவழி ஆய்ந்தோம் என்று எப்படித் திருப்பினாலும் வளைந்துகொடுக்கிறது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

அடுத்தது, பல துறையினர் கூடிச் செய்வதைக் குறிக்க ‘பல்துறை’ என்ற சொல். இங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. துறை என்றால் கடற்கரைக்காரனுக்கு முதலில் படகு அணையும் இடம். படிப்புக்குத் துறை என்று பெயர் வந்தது அழகான விஷயம். முற்றக் கற்பதைத் ‘துறைபோதல்’ என்றார்கள் பழைய புலவர்கள். ஆனால் பல்துறை என்றால் தொண்டிப் படகு தொண்டியில், கீழக்கரைப் படகு கீழக்கரையில். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், கலக்காது. எங்களுக்கு நடந்தது பாம்பன் பாலத்தடியில் வடகடலும் தென்கடலும் கலப்பது போன்றது. மாணவியின் அளவும் அக்காவின் சொல்லும் நாடகக்காரரின் தோளும் சேர்ந்துதான் அந்த ஒரு குறிப்பு ஆனது. எது யாருடையது என்று பிரித்து எழுத முயன்று முடியாமல் விட்டோம். எனவே ‘துறைகூடல்’ என்று முன்வைக்கிறேன். முக்கூடல் என்ற சொல்லைப் பழகிய காதுக்கு இது அந்நியமாக ஒலிக்காது. பல்துறையை விட்டுவிடச் சொல்லவில்லை, அதற்கு அதன் பொருள் இருக்கட்டும்.

> கூட்டாய்வு என்றால், அந்தப் பெண்களைத் ‘தகவலாளிகள்’ என்று குறிப்பதா, வேறு சொல்லா?

நாட்டார் வழக்காற்றியலில் ஊன்றிய சொல்தான், தெரியும். இருந்தாலும் அந்த அக்காவை என்னால் தகவலாளி என்று எழுத முடியாது. அவர் தகவல் தரவில்லை, எங்கள் தப்பைத் திருத்தினார். ‘பங்காளி’ என்றால் சொத்துத் தகராறு நினைவுக்கு வருகிறது. கரைவலை இழுப்பவர்களுக்கு வரும்படியில் பங்கு உண்டு, அந்தப் பொருளில் ‘பங்காய்வாளர்’ சரியாக இருக்கலாம். இதைவிட நல்லது இருந்தால் மாற்றிக்கொள்கிறேன்.

ஆக, அழைப்பிதழில் போக நான் நினைப்பது: ‘துறைகூடல் கலைவழி ஆய்வு’. அதன்கீழே எட்டுப் பெயர்களும் அகர வரிசையில், எல்லோருக்கும் ‘பங்காய்வாளர்’ என்ற ஒரே அடைமொழியோடு. வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்துக்குப் போகிறது. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் வியாழனுக்குள் எழுதுங்கள். முக்கியமாக, துறைகூடல் என்பதைப் பெயரடையாக இப்படி நிறுத்தலாமா, ‘துறைகூடும்’ என்று வர வேண்டுமா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் பார்த்துச் சொல்லவேண்டும்.