உரிமத் துப்பாக்கித் தோட்டாக்களைப் பல ஆண்டுகள் வீட்டில் காத்துவைத்தல்: எங்கள் அனுபவங்கள்

முதல் பதிவு, கூடலூரிலிருந்து

பயிர்ப் பாதுகாப்புக்காகத் தாத்தா உரிமம் பெற்ற பன்னிரண்டு போர் (12 bore என்னும் குழல் அளவு) துப்பாக்கி இப்போது என் பெயரில் இருக்கிறது. ஜூனில் இறங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்வதற்குள் துணியிலும் தோலிலும் பூஞ்சணம் படர்ந்துவிடும் ஊர் எங்களுடையது. அப்பா தோட்டாக்களைத் தோல் வாரில் செருகியபடியே பீரோவில் மாட்டிவைப்பது வழக்கம். தோல் பதனிடும்போது சேரும் அமிலப் பொருள்களும், தோல் இழுத்துக்கொள்ளும் ஈரமும் சேர்ந்து, தோட்டாக்களின் பித்தளை அடிப்பகுதியில் பச்சைக் களிம்பை ஏற்றிவிட்டன. பழைய காகித உறைத் தோட்டாக்களோ ஊதிப்போய், குழலுக்குள் நுழையவே மறுத்தன.

இப்போது கடையில் வாங்கிய அட்டைப்பெட்டியோடு, மூடியில் ரப்பர் பட்டை கொண்ட இரும்புப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் சிலவற்றைப் போட்டு மூடி, துப்பாக்கியிலிருந்து வேறாக, தனிப் பூட்டில் வைக்கிறேன். மழை நாளில் அப்பெட்டியைத் திறப்பதில்லை. உள்ளே புகும் ஈரக்காற்று மூடியபின் வெளியேற வழியில்லை. துருவுக்கு அஞ்சித் தோட்டாவுக்கு எண்ணெய் பூசுவோரிடம் வேண்டிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள்: தோட்டாவின் அடியில் அடிபட்டுத் தீப்பொறி தரும் கேப்புக்குள் (cap) எண்ணெய் கசிந்தால் தோட்டா வெடிக்காமலே போகலாம்.

இரண்டாம் பதிவு, வால்பாறையிலிருந்து

ஈரத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாத பகை அம்மோனியா. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களுக்கு அருகே வைத்திருந்த ராணுவத் தோட்டாக்களின் பித்தளை உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், உறையை இழுத்து வடிக்கும்போது உலோகத்தில் தங்கிவிடும் இறுக்கமுமே காரணம் என்பது 1921இல் வெளியான ஆய்வால் தெளிவாயிற்று. யூரியா மூட்டைகளும் மாட்டுத் தொழுவமும் அடுத்தடுத்து இருக்கும் தோட்டக் கிடங்கில் தோட்டாப் பெட்டியை வைக்கும் பழக்கத்தை, எங்கள் பகுதியில் நான் காணும்போதெல்லாம் தடுத்து வருகிறேன்.

மூன்றாம் பதிவு, டெக்சாஸிலிருந்து

இங்கே பலரும் தோட்டாக்களைக் கார் கராஜில் அடுக்கிவைக்கிறார்கள். கோடையில் அந்த அறை உலையாகக் கொதிக்கிறது. புகையில்லா வெடிமருந்தின் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸ் மெல்லமெல்லச் சிதைந்துகொண்டே இருக்கும். சிதைவில் எழும் நைட்ரஜன் ஆக்சைடுகளை உறிஞ்சிக்கொள்ளவே டைஃபீனைலமின் போன்ற நிலைப்படுத்தியைச் சேர்க்கிறார்கள். வெப்பம் ஏற ஏற அது விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே என் பெட்டி குளிரூட்டிய உள்ளறை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது, வாங்கிய ஆண்டு மேலே எழுதப்பட்டு, பழையது முதலில் எடுக்கும்படியாக.

பழைய தோட்டா ஒன்றைச் சுடும்போது வழக்கமான ஒலிக்குப் பதில் மெலிந்த ஒலி கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டோ அடைப்போ குழலில் சிக்கியிருந்தால் குழல் வெடித்துவிடும். விசை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழல்வாயைப் பாதுகாப்பான திசையிலேயே நீட்டியபடி ஒரு நிமிடமாவது காத்திருந்து, பிறகே திறக்க வேண்டும்.