ஆர்க்கிட் மறுபடி பூக்க ஒரு யோசனை சொல்லுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். போன வருஷம் பால் காய்ச்சியபோது மதினி ஒரு பெலனாப்சிஸ் ஆர்க்கிட் கொடுத்தார்கள். வெள்ளைப் பூ, இரண்டு மாதத்துக்கு மேல் வாடாமல் நின்றது. அதற்கப்புறம் ஒரு மொட்டுகூட வரவில்லை.

செடிக்கு ஒரு குறையும் இல்லை. புதிதாக இரண்டு இலை விட்டிருக்கிறது. வேர் காய்ந்தால் வெள்ளியாக வெளுக்கிறது, தண்ணீர் பட்டதும் பச்சைக்கு மாறுகிறது. அதைப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன். போர் தண்ணீர் உப்பு என்பதால் ஆற்றுத் தண்ணீர் மட்டும். அடுப்புக்கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்ட மண்சட்டி, கிழக்கு ஜன்னல். (முதலில் செம்மண்ணில் நட்டு பாதி வேரை அழுகவிட்ட கதையைக் கேட்காதீர்கள்.)

இந்த வகைக்குச் சில வாரமாவது 25 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சி கிடைத்தால்தான் பூந்தண்டு கிளம்பும் என்கிறார்கள். நம்ம ஊர் வெயிலில் அதற்கு எங்கே போவது? மார்கழி ராத்திரியில் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். தென்காசியில் சித்தி வீடு இருக்கிறது. ஆனி, ஆடி சாரலில் அங்கே கொண்டுபோய் வைத்தால் தண்டு விடுமா, இல்லை ஈரத்தில் குருத்து அழுகிவிடுமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பழைய தண்டு நான்கு விரல் நீளத்துக்குப் பச்சையாகவே நிற்கிறது, இரண்டு கணு இருக்கிறது. விடவா, வெட்டவா? வெயில் தாங்கும் டென்ட்ரோபியம் வாங்கச் சொல்லாதீர்கள், இதைப் பூக்கவைக்காமல் மதினி முகத்தில் முழிக்க முடியாது.