கம்ப்ரசர் 7 கிலோ ஏறவே மாட்டேன் என்கிறது, எங்கே பார்ப்பது?

லேத் தம்பி:
வணக்கம். கோவை கணபதியில் ஒரு மெஷின் ஷாப்பில் ஆபரேட்டராக இருக்கிறேன். எங்களிடம் இருப்பது 10 குதிரைத்திறன் மோட்டார் உள்ள, காற்றை இரண்டு கட்டமாக அழுத்துகிற (இரண்டு ஸ்டேஜ்) பிஸ்டன் கம்ப்ரசர். முன்பெல்லாம் காலையில் போட்டால் பத்து நிமிடத்தில் டேங்கில் காற்றழுத்தம் 7 கிலோ (சதுர செ.மீ.க்கு) ஏறி மோட்டார் தானாகவே கட் ஆகிவிடும். இப்போது அரை மணி நேரம் ஓடியும் ஐந்தரையிலேயே நிற்கிறது, ஹெட் (வால்வுகள் இருக்கும் சிலிண்டர் மேல்பகுதி) பக்கம் போனாலே பெயிண்ட் கருகுகிற வாடை. பெல்ட்டை இறுக்கினேன், ஏர் ஃபில்டரைக் கழற்றி ஊதினேன், ஆயில் அளவும் சரி. டேங்கைத் திறந்துவிட்டதில் அரை பக்கெட் தண்ணீர் வந்தது. சர்வீஸ்காரர் வர நாலு நாள் ஆகுமாம், இங்கே இரண்டு சிஎன்சி மெஷின்களும் காற்று போதவில்லை என்று அலாரம் போட்டு நிற்கின்றன.

பழைய ஃபிட்டர்:
தம்பி, லீக்கா கம்ப்ரசரா என்று முதலில் பிரியுங்கள். டேங்க் அவுட்லெட் வால்வை மூடிவிட்டு ஓட்டுங்கள். சட்டென்று 7 ஏறினால் லைனில் லீக், இல்லையென்றால் ஹெட்டில்தான் கோளாறு. தண்ணீர் இதற்குக் காரணம் இல்லை. தண்ணீர் நின்றால் டேங்கில் இடம் குறைந்து சீக்கிரம் ஏறி சீக்கிரம் இறங்கும். ஆனாலும் தினமும் திறந்துவிடுங்கள், துரு உள்ளுக்குள்ளேயே தகட்டைத் தின்னும், வெளியே தெரியாது.

லேத் தம்பி:
மூடிப் பார்த்தேன் அண்ணா, அப்படியும் 6 தாண்டவில்லை. ஆனால் மெஷினை நிறுத்தினால் முள் அசையாமல் நிற்கிறது.

பழைய ஃபிட்டர்:
அப்போ டேங்கும், காற்றைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வும் நன்றாக இருக்கின்றன. ஓடும்போது ஃபில்டர் வாய்க்கு நேராக உள்ளங்கையைக் காட்டுங்கள். இழுக்க மட்டும்தான் வேண்டும். புஸ் புஸ் என்று கையில் திருப்பி அடித்தால் எல்பி (முதல் கட்ட, குறைந்த அழுத்தப் பக்கம்) சக்‌ஷன் வால்வு போய்விட்டது. இரண்டு கட்டத்துக்கும் நடுவில் காற்றை ஆற்றுகிற இன்டர்கூலரில் கேஜ் இருந்தால் அதையும் பாருங்கள். சுமார் 2 கிலோ காட்ட வேண்டும், ரொம்ப ஏறினால் எச்பி (இரண்டாம் கட்ட, உயர் அழுத்தப் பக்கம்) வால்வு கோளாறு, குறைந்தால் எல்பி.

மூன்றாம் ஷிஃப்ட்:
ஹெட்டில் ஸ்பானர் வைக்கும் முன் மெயினை அணைத்துப் பூட்டி சாவியை உங்கள் பாக்கெட்டில் போடுங்கள். பிரஷர் இறங்கினால் மெஷின் தானாகவே கிளம்பும், அதை மறந்துவிடாதீர்கள். டேங்க் கேஜ் பூஜ்யத்துக்கு வரும்வரை காற்றை விடுங்கள். எங்கள் ஷாப்பில் பெல்ட் கார்டு கழற்றியிருந்த நேரத்தில் யாரோ ஸ்விட்சைப் போட்டு, கூட வேலை பார்த்தவருக்கு விரல் நுனி போய்விட்டது. அவசரம் எவ்வளவு இருந்தாலும் பூட்டாமல் தொடாதீர்கள்.

லேத் தம்பி:
கையில் நன்றாகவே அடித்தது, இன்டர்கூலர் கேஜ் 1-க்கும் கீழே. முதலாளியிடம் சொல்லி, பூட்டுப் போட்டு, காற்றைக் காலி செய்து, பக்கத்து ஷெட் ஃபிட்டரை வைத்துத் திறந்தோம். வால்வு தகடு முழுக்கக் கரி அப்பியிருந்தது, சக்‌ஷன் பக்கத்து இதழில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல், வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிகிறது. புது வால்வு செட், புது கேஸ்கெட் போட்டதும் ஒன்பது நிமிடத்தில் கட் ஆகிவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா.

பழைய ஃபிட்டர்:
நல்லது தம்பி. அந்தக் கரி எப்படி வந்தது? என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள்?

லேத் தம்பி:
ஜெனரேட்டருக்கு வாங்கின எஞ்சின் ஆயில்தான் இதற்கும்.

பழைய ஃபிட்டர்:
அதை இன்றே வடித்துவிட்டு கம்ப்ரசர் ஆயில் ஊற்றுங்கள், இல்லையென்றால் புது வால்வும் சீக்கிரமே கரி பிடிக்கும். அப்புறம், ஒரு நாள் ஓடி ஆறினதும், மறுபடி பூட்டிவிட்டு ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக ஒரு தடவை சரிபாருங்கள்.