மேக்கை அப்கிரேடு செய்த பிறகு டிஎம்ஜி (வட்டு ஒன்றை அப்படியே அடக்கிவைக்கும் மேக் கோப்பு, அதாவது டிஸ்க் இமேஜ்) திறக்கவில்லையா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

அச்சகத்துக்காரன்:
கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. 2008-ல் வாங்கிய தமிழ் எழுத்துரு மென்பொருள் ஒன்று இருக்கிறது. 3 எம்பி டிஎம்ஜி, அவ்வளவுதான். "அக்கா கல்யாணத்துக்குப் போட்ட அதே எழுத்து வேணும்" என்று வருபவர்களுக்காகவே வைத்திருக்கிறேன்.

போன மாதம் மேக்கின் இயங்குதளத்தை மொஹாவே பதிப்பிலிருந்து புதிய மான்டரே பதிப்புக்கு மாற்றினேன். டிஎம்ஜியைத் தட்டினால் "நோ மவுன்டபிள் ஃபைல் சிஸ்டம்ஸ்" (திறக்கக்கூடிய கோப்பு முறை எதுவும் இல்லை) என்றது. பென்டிரைவ் நகலைப் போட்டேன், அதிலும் அதே பாட்டு. வயிற்றைக் கலக்கிவிட்டது.

டெர்மினலில், டிஎம்ஜியின் விவரம் காட்டும் ஹெச்டிஐயுடில் கட்டளையை இமேஜ்இன்ஃபோவோடு ஓட்டிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. கோப்பில் ஒரு குறையும் இல்லை. உள்ளே இருக்கும் வட்டுதான் பழைய ஹெச்எஃப்எஸ் (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை), அதாவது 1985-ல் வந்தது, பக்கத்தில் பிளஸ் குறி இல்லாதது. 2019-ல் வந்த கேட்டலினா பதிப்போடு அதைப் படிக்கும் வசதி போய்விட்டது. நல்லவேளை, எதையும் அழிக்கவில்லை.

ஹை சியரா பதிப்போடு நின்றுபோன 2011 மேக் மடிக்கணினி ஒன்று பரணில் கிடந்தது. அதில் டப்பென்று திறந்தது. டிஸ்க் யுடிலிட்டியில் மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட் (பிளஸ் குறி உள்ள ஹெச்எஃப்எஸ்) வகையில் புது இமேஜ் ஒன்று உருவாக்கி, எல்லாவற்றையும் அதில் இழுத்துப் போட்டேன்.

ஹாஸ்டல்வாசி:
எனக்கு நடந்தது வேறு, அண்ணா. "இமேஜ் நாட் ரெகக்னைஸ்டு" (இது என்ன கோப்பு என்று தெரியவில்லை) என்று வந்தது. முந்தின நாள்தான் அப்கிரேடு செய்திருந்தேன், பழியை அதன் தலையில் போட்டு இரண்டு நாள் திட்டித் தீர்த்தேன். அப்புறம் அளவைப் பார்த்தால் 1.9 ஜிபி இருக்க வேண்டிய கோப்பு 1.2 ஜிபிதான் இருக்கிறது. ஹாஸ்டல் வைஃபை பாதியில் கைவிட்டிருக்கிறது! இந்த வகை டிஎம்ஜிக்கு அடையாளமே கடைசி 512 பைட்டில்தான் இருக்கிறதாம். வால் அறுந்தால் மேக்குக்கு அது என்ன கோப்பு என்றே தெரியாது. மறுபடி இறக்கினேன், சரியாகிவிட்டது.

பழசு_விரும்பி:
இங்கே கதை தலைகீழ். அப்பாவின் மேக் இன்னும் எல் கேப்பிட்டன் என்ற பழைய பதிப்பில்தான் ஓடுகிறது. என் புது மேக்கில் நானே உருவாக்கிக் கொடுத்த டிஎம்ஜி அதில் ஏறவே இல்லை. நான் தேர்ந்தெடுத்தது ஏபிஎஃப்எஸ் என்ற ஆப்பிளின் புதிய கோப்பு முறை. அது 2017-ல் ஹை சியராவோடு வந்தது, அதற்கு முந்தைய மேக்குக்கு எப்படித் தெரியும்? தப்பு என்னுடையதுதான்.

அச்சகத்துக்காரன்:
பின்குறிப்பு. புது இமேஜ் மான்டரேயில் திறந்தது, சந்தோஷப்பட்டேன். உள்ளே இருந்த இன்ஸ்டாலரைத் தட்டினால் ஓடாது என்கிறது. 32 பிட் என்ற பழைய வகை நிரலாம், அதை ஓட்டும் வசதியையும் கேட்டலினாவிலேயே எடுத்துவிட்டார்கள். ஆக, அந்த எழுத்து கேட்டு வருபவர்களுக்கு இப்போது பரண் மடிக்கணினியில்தான் வேலை. பேட்டரி செத்துவிட்டது, வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். பிளக் மேல் "தொடாதே" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.