புதுப்பிப்பு: ஸ்பிட்ஃபயர் பட்டைகள்

இரண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 9-இன் 1/72 அளவு மாடலுக்கு டி-டே (1944 ஜூன் நார்மண்டி தரையிறக்கம்) கருப்பு வெள்ளைப் பட்டைகளை டெக்காலாக (ஒட்டுப்படமாக) ஒட்டுவதா, பெயின்ட் அடிப்பதா என்று கேட்டிருந்தேன் அல்லவா? பெயின்ட்தான் அடித்தேன். ஒற்றை எஞ்சின் நிஜ விமானத்தில் ஒரு பட்டையின் அகலம் 18 அங்குலம். இந்த அளவில் 6.35 மி.மீ. கடையில் கிடைக்கும் 6 மி.மீ. டேப்பே போதும், மிச்சத்தை யார் அளக்கப் போகிறார்கள்! முதலில் வெள்ளை, நன்றாகக் காய்ந்தபின் டேப் ஒட்டிக் கருப்பு. சுத்தக் கருப்பு கண்ணை உறுத்தும், அடர் சாம்பல்தான் எடுபடுகிறது. விளிம்பு கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லை. 1944 ஜூனில் விமானப்படைக்காரர்களே அவசரமாகப் பிரஷ்ஷால் அடித்தவைதான் பல. அப்புறம், பல விமானங்களில் அவற்றின் அடையாளமான சீரியல் எண்ணைச் சுற்றிப் பட்டை அடிக்காமல் பழைய நிறத்தை அப்படியே விட்டிருப்பார்கள். அந்தச் சின்னச் சதுரத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.